வரிசை எண் இருபத்தேழு

ஞாயிறு, காலை

என் வீட்டுக்காரிக்கு அன்புடன் எழுதுவது.

நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கும் படத்தை மகள் அனுப்பியிருந்தாள். சிரிப்பு உன் சாயல், பிடிவாதம் என் சாயல். இரண்டும் ஒரே படத்தில் தெரிகிறது. குழந்தை பாவம்.

வாரா வாரம் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இந்த மனுஷனுக்குக் கடிதம் எழுதும் புத்தி எங்கிருந்து வந்தது என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போன புதன்கிழமை மகள் கூப்பிட்டாள். நீ திரும்பி வருவதற்குப் போட்டிருக்கும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருக்கலாமா என்று என்னிடம் கேட்கச் சொன்னாயாம். பதினைந்தாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். நான் கொஞ்சம்கூட யோசிக்காமல், "எனக்கென்னம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். உங்கம்மா இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு, கையில் கார் சாவியோடு எங்கே கிளம்பினேன் என்பதே மறந்துபோய் ஹாலில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். போனில் பேசினால் என் வாயில் மறுபடியும் அதேதான் வரும்.

முதலில் ஊர்ச் செய்தி. நாளை மாலை நம் சேவைச் சங்கத்தில் பதவி மாற்ற விழா. என் தலைவர் பதவி நாளையோடு முடிகிறது. புதிய தலைவர் நம் பல் டாக்டர். ஆண்டறிக்கையை எழுதி முடித்துவிட்டேன், பதினொரு பக்கம். கண் பரிசோதனை முகாம் மூன்று, ரத்ததான முகாம் இரண்டு, பேருந்து நிறுத்தங்களில் ஐந்து பெஞ்சுகள். அதில் ஒரு பெஞ்சைச் சாலையைப் பார்த்துப் போடாமல் சுவரைப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். சிமெண்ட் காய்ந்த பிறகுதான் கவனித்தோம். இப்போது அதில் காதலர்கள் மட்டும் உட்காருகிறார்கள். அதுவும் ஒரு சேவைதான் என்று செயலாளர் சமாதானம் சொன்னார். மரக்கன்று நூறு நட்டோம். "நட்டோம்" என்றுதான் அறிக்கையில் எழுதியிருக்கிறேன், "வளர்ந்தது" என்று எழுதவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவனுக்கு வாசகத்தில் பிரேக் போடத் தெரியாதா?

பள்ளிக்கு இப்போது காலை நேரம் மட்டும் போகிறேன். ஊர் என்னை இன்னமும் "கிளட்ச் சார்" என்றுதான் கூப்பிடுகிறது. இந்த மாதம் ஒரு பெண்மணி சேர்ந்திருக்கிறார், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ரிவர்ஸ் எடுத்து நம் வீட்டு கேட்டையே சாய்த்துவிட்டார். நான் திட்டவில்லை என்றால் நம்புவாயா? உன்னைத் திட்டிய திட்டில், நீ இரண்டாம் நாளே வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்து போனாயே, அது ஞாபகம் வந்தது. ஊரில் மூவாயிரம் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். கட்டியவளுக்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீடு சுத்தமாக இருக்கிறது. இங்கே எந்தப் பொருளை எந்த இடத்தில் வைத்தாலும் அது வைத்த இடத்திலேயே இருக்கிறது. முன்பெல்லாம் என் கண்ணாடியை நீ எங்கேயாவது எடுத்து வைத்துவிடுவாய், நான் கத்துவேன், நீ கத்துவாய், கடைசியில் அது என் சட்டைப் பையில் இருக்கும். இப்போது மேஜையில் வைத்தால் மறுநாள் காலையிலும் மேஜையில் இருக்கிறது. கத்துவதற்கு ஆளும் இல்லை, காரணமும் இல்லை.

சங்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். தலைவர் பதவி ஏற்கும்போது சட்டையில் பேட்ஜைக் கணவனோ மனைவியோதான் குத்திவிட வேண்டும். என் பதவி ஏற்புக்குப் பத்து நாள் முன்னால் நீ விமானம் ஏறிவிட்டாய். பிரசவத்துக்கு அப்போது ஏழு வாரம் இருந்தது. டாக்டர் தேதியை முன்னால் தள்ளிவிட்டார் என்று மேடையில் ஒரு கதை சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். செயலாளர் அம்மாதான் பேட்ஜ் குத்திவிட்டார். மருந்துக்கடைக்காரம்மா இல்லையா, ஊசி குத்துகிற மாதிரி ஒரே குத்து.

மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் அவர் துணைக்கு ஒரு நாற்காலி போடுவார்கள், அதுவும் வழக்கம்தான். வருடம் முழுக்க அதில் என் பையை வைத்தேன். ஒரு கூட்டத்துக்கு வந்த சிறப்பு விருந்தினர் அதில் உட்காரப் போனார். "ஆள் வருது" என்று சொல்லிவிட்டேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை நான் வாசலைப் பார்க்காமல் இருப்பதற்குப் பெரும்பாடு பட்டேன்.

எட்டு மணி ஆகப்போகிறது. "காலை அழைப்பு" செய்ய வேண்டும். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய், மாலை

விழா நேற்று முடிந்தது. இன்று முழுவதும் கோபத்தில் இருந்தேன். கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதனால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும்.

காலை அழைப்பு பற்றி உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஊரில் அறுபத்தைந்து தாண்டி, தனியாக இருந்து, தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருபத்தாறு பேரைக் கண்டுபிடித்தோம். தினமும் காலை எட்டு மணிக்கு உறுப்பினர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்குப் போன் செய்ய வேண்டும். மூன்று கேள்வி. எழுந்தாச்சா? சாப்பிட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா? மூன்றுக்கும் அட்டையில் மூன்று கட்டம், பதில் வந்ததும் டிக். விதிகள் எல்லாம் நான் எழுதியவை. வீட்டில் துணைக்கு ஆள் வந்துவிட்டால் பட்டியலில் இருந்து பெயரை அடித்துவிட வேண்டும் என்பதும் ஒரு விதி. ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் வீட்டுக்கு அவர் தங்கை வந்து சேர்ந்தார். ஆனாலும் காலையில் ஒரு போன் வந்தால் நன்றாக இருக்கும் என்று அந்த நர்ஸ் கேட்டுப் பார்த்தார். விதி விதிதான் அம்மா என்று சொல்லி அடித்துவிட்டேன். அவர் இடத்துக்கு வேறொருவரைச் சேர்த்தோம். என்னை உனக்குத் தெரியாதா!

நேற்று பேட்ஜைக் கழற்றும் நேரம் வந்தது. அதையும் துணைதான் கழற்ற வேண்டும். செயலாளர் எழுந்து வந்தார், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே கழற்றினேன். கட்டைவிரலில் குத்தி, ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் ஒரு சொட்டு ரத்தம். ரத்ததானம் மூன்றாவது முறை என்று பல் டாக்டர் ஜோக் அடித்தார். பிறகு அவர் மைக் பிடித்து, காலை அழைப்பு இந்த வருடமும் தொடரும் என்று அறிவித்து, பட்டியலைப் படித்தார். இருபத்தாறு வரை நானும் கூடவே தலையாட்டிக்கொண்டு வந்தேன். "வரிசை எண் இருபத்தேழு" என்று சொல்லி என் பெயரைப் படித்தார்.

உறுப்பினர் பட்டியலும் இதுவும் கலந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கூட்டம் முடிந்ததும் செயலாளரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"கலக்கல சார். நீங்க போட்ட விதிதான். அறுபத்தஞ்சு தாண்டியாச்சு, வீட்ல தனியா இருக்கீங்க, தினம் மாத்திரை சாப்பிடணும். சாப்பிடணும்னுதான் சொன்னேன். வீட்டம்மா வாங்கி வச்சது தீர்ந்து ரெண்டு மாசமாச்சு, பிரஷர் மாத்திரை வாங்க நீங்க என் கடைப் பக்கமே வரல."

வேறு கடையில் வாங்குகிறேன் என்று சொன்னேன். சாப்பாடு போட்டிருந்தார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

இன்று காலை முதல் அந்த அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வருடம் ஊரையே நடத்தியவனை, பதவி போன அரைமணி நேரத்தில் கவனிப்பாரற்ற கேஸ்களோடு சேர்த்துவிட்டாளே என்று. மத்தியானம் போல ஆத்திரம் கொஞ்சம் அடங்கியது. அப்போதுதான், ஆண்டறிக்கையில் எழுதிவிட்டுக் கிழித்துப் போட்ட பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அதை உனக்காவது சொல்லிவிடுகிறேன்.

சந்தைக்குப் பின்னால் மாடியில் ஒரு தையற்காரர் இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். குழந்தைகள் இல்லை. பட்டியலில் ஒன்பதாவது பெயர், அவரை அழைப்பது என் பொறுப்பு. இரண்டாவது மணியிலேயே எடுப்பார். நான் கேள்வி கேட்பதற்கு முன்பே, "எழுந்தாச்சு சார், சாப்பிட்டாச்சு சார், மாத்திரை போட்டாச்சு சார்" என்று ஒப்பிப்பார். வட்டார மாநாட்டுக்கு முந்தைய மாதம் ஒரு கூட்டம் வைத்து அத்தனை பேரையும் அழைத்தோம். அங்கே அவரை எழுந்து நிற்க வைத்து, இவர் அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை, எல்லோரும் இவரைப் போல இருக்க வேண்டும் என்று பேசினேன். நூற்றுக்கு நூறு வைத்திருக்கும் சங்கத்துக்கு மாநாட்டில் கேடயம் உண்டு என்றும் சொன்னேன். அவர் வெட்கத்தோடு கும்பிட்டார்.

மாநாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானம், மேல் தட்டிலிருந்து துணி எடுக்க ஸ்டூலில் ஏறியவர் விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நகர முடியவில்லை. போன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கூப்பிட்டேன். எழுந்தாச்சு, சாப்பிட்டாச்சு, போட்டாச்சு என்றார். டிக், டிக், டிக். சனிக்கிழமையும் அப்படியே. குரல் கம்மியது எனக்குக் கேட்டது. சளியா என்றுகூட நான் கேட்கவில்லை, மாநாட்டு பேனர் அச்சாகி வந்ததா என்ற கவலையில் இருந்தேன். துணிக்குத் தெளிக்கும் தண்ணீர் பாட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததாம். இரண்டு நாளும் அதைத்தான் குடித்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம், தைக்கக் கொடுத்த கால்சட்டையை வாங்க வந்த ஒருவர் முனகல் கேட்டுக் கதவை உடைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஏன் ஐயா ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்க அட்டையில கட்டம் காலியாயிடுமேன்னு பாத்தேன் சார். ஞாயித்துக்கெழம மாநாடு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் மனுஷன். மறுநாள் போய்க் கேடயத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். நூற்றுக்கு நூறு. டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று உனக்குப் படம் அனுப்பினேனே, அந்தக் கேடயம்தான். அது கிடைத்த வழி எனக்கும் செயலாளருக்கும் தையற்காரருக்கும் மட்டும் தெரியும்.

இந்தத் திட்டம் எப்படித் தோன்றியது என்று மாநாட்டில் கேட்டார்கள். நானாக யோசித்தேன் என்றேன். அது பொய். நீ கிளம்புவதற்கு முந்தைய குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாயே, அன்றைக்கு நான் கண் முகாமில் மேடையில் இருந்தேன். நீ மூன்று முறை கூப்பிட்டாய். மூன்று முறையும் போனை அமுக்கி அணைத்தேன். பேப்பர் போடும் பெண் வந்து உன்னைத் தூக்கியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் உன்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. மறுநாள் நீ கட்டுப் போட்ட கையோடு தேநீர் ஆற்றிக்கொண்டே, "ஊர்ல யாராவது விழுந்தா ஓடறதுக்கு உங்ககிட்ட லிஸ்ட் இருக்கு. அதுல நான் இல்ல" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ சாதாரணமாகச் சொன்னாய். நான் வழக்கம்போல, சேவை என்றால் உனக்கு இளக்காரம் என்று ஏதோ பேசிவிட்டு வெளியே போய்விட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், ஊரில் இருக்கிற இருபத்தாறு பேருக்குப் போன் போட்டிருக்கிறேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். நான் ஊரைச் சுற்றியும் மூக்கைத் தொடவில்லை.

புதன், காலை

இன்று முதல் புதிய பட்டியல். எட்டு மணிக்கு எனக்குப் போன் வரும். எடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் ஏழரைக்கே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். யாருக்காக இந்த அலங்காரம் என்று கேட்காதே.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். பேசியது தையற்காரர். கைத்தடியோடு நடக்கத் தொடங்கிவிட்டார், தானும் நாலு பேருக்குப் போன் செய்கிறேன் என்று சங்கத்தில் கேட்டு வாங்கிக்கொண்டாராம். நாலாவது ஆள் நான்.

எழுந்தாச்சா என்று கேட்டார். எழுந்தாச்சு என்றேன். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். "ஆச்சு" என்று வாய் பாதி திறந்துவிட்டது.

"சார், எங்கிட்ட வேணாம். இதுல நான் உங்களுக்கு சீனியர்" என்றார்.

சாப்பிடவில்லை என்றேன். நேற்று முழுவதும் ஒரு முட்டையும் இரண்டு ரொட்டித் துண்டும்தான் என்றேன். மாத்திரை இரண்டு மாதமாகப் போடவில்லை என்றேன். ஏன் சார் என்று கேட்டார். என்ன சொல்வது? மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி, ஏழு கட்டத்திலும் நீ போட்டுவைப்பாய். நீ போகும்போது பத்து மாதத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிட்டுப் போனாய். அது தீர்ந்தபோது, பத்து மாதம் ஆகிவிட்டது என்பதும் நீ இன்னும் வரவில்லை என்பதும் ஒன்றாகப் புரிந்தது. புதிதாக வாங்கி நானே அந்தக் கட்டங்களை நிரப்பினால், இனி இப்படித்தான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. இதையெல்லாம் தையற்காரரிடம் சொல்ல முடியுமா? கேட்க ஆளில்லை என்று மட்டும் சொன்னேன்.

அவர் "அப்ப ரெண்டு கட்டத்தக் காலியா விட்டுடறேன் சார்" என்றார்.

வருடம் முழுக்க நாங்கள் போட்ட ஆயிரக்கணக்கான டிக்குகளில் இந்த இரண்டு காலிக் கட்டம் அளவுக்கு உண்மையானது எதுவும் இருந்திருக்காது.

போனை வைத்ததும் மருந்துக்கடைக்குப் போனேன். செயலாளர் அம்மா ஒன்றும் கேட்காமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். அடுத்த வருடத்துக்கு வட்டாரப் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லி இரண்டு மாதமாக நச்சரிக்கிறார்கள், உன்னிடம் சொல்லவில்லை. அதற்கு முடியாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். கேடயத்தை டிவி பக்கத்தில் இருந்து எடுத்து வைத்திருக்கிறேன். பல் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் பல்லைக் கடிப்பார், கடிக்கட்டும்.

இனி மகள் கேட்ட கேள்விக்கு என் பதில். போன புதன்கிழமை சொன்னதை அழித்துவிடு. நான் நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். ஆனால் நன்றாக இல்லை. இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது.

வா என்று கட்டளை போட எனக்கு வாய் இல்லை. பேத்திக்கு நீ வேண்டும், அது எனக்குத் தெரியும். மகள் வேலைக்குப் போக வேண்டும், அதுவும் தெரியும். அங்கே நீ கூப்பிட்டால் ஓடி வர ஆள் இருக்கிறது, இங்கே இருந்ததில்லை. இதையெல்லாம் நன்றாக எடை போட்டுப் பார். நீ இன்னும் ஒரு வருடம் இருப்பதாக முடிவு செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். தினமும் காலையில் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுவேன், இது சத்தியம். விரைவுத் தபாலில் இது ஒரு வாரத்தில் வந்துவிடும் என்றார்கள், பதினைந்துக்குள் உன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை.

பேத்திக்கு என் ஆசீர்வாதம். தீர்க்காயுசாக இருக்கட்டும். விழுந்தால் "விழுந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பெண்ணாக வளரட்டும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல்.

ஒன்றே ஒன்று. வீட்டில் துணைக்கு ஆள் வந்தால்தான் பெயரை அடிக்கலாம் என்பது நானே போட்ட விதி, அதனால் என் பெயரை நானே அடிக்க முடியாது. என்றைக்காவது ஒருநாள் காலை எட்டு மணிக்கு இங்கே போன் அடிக்கும்போது, நான் எடுப்பதற்கு முன்னால் நீ எடுத்து, இருபத்தேழை அடித்துவிடச் சொல். தையற்காரர் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ள மாட்டார்.

உன் வழி பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்